நகரிப் பையன் படத்துக்கு மார்க்கு போட்ட கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். அதிலும் முக்கால்வாசி நேரம் டீச்சரம்மாவின் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றதுதான் நான் கற்ற கல்வி. எழுத்து கோணலாக வரும். முன்னால் நடந்தது பின்னால் வரும். எந்த வருடம் என்று கேட்டால், அப்போது என்ன படம் ஓடியது என்று யோசித்துத்தான் சொல்லுவேன்; இப்போது அதுவும் குழம்புகிறது. தியேட்டர் வேலைக்காரர் சங்கத்துப் பிள்ளைகள் வந்து, "புதுசா வந்திருக்கிறவங்களுக்கு நாலு வார்த்தை பேசுங்கம்மா" என்றார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். தப்பித்தது நான், மாட்டியது நீங்கள். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

டிக்கெட் கிழிப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இப்போது போனைக் காட்டினால் மெஷினே சரி என்கிறதாம். நல்லது. மெஷினிடம் யாரும் 'படம் எப்படி' என்று கேட்க மாட்டார்கள். உங்களிடம் கேட்பார்கள். இப்போதெல்லாம் காலேஜ் பிள்ளைகள் பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்து, அதற்கு ஒரு போஸ்டரும் அடித்துக்கொண்டு வந்து, "ஆன்ட்டி, எப்படி இருக்கு, உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்கிறவர்களிடம் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளில் சித்தூரில் ஒரு கீற்றுக் கொட்டாயில் பெண்கள் பக்கத்துக் கேட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். நாங்கள் மிஷன் சபைக்காரர்கள். சினிமா பார்ப்பது பாவம். சினிமா பார்க்காமல் சினிமாக் கொட்டாயில் வேலை செய்வது பாவமா என்று எங்கள் நைனா, அப்பாவைத்தான் சொல்கிறேன், பாதிரியாரைப் போய்க் கேட்டார். அவர் ஒரு வாரம் ஜெபம் பண்ணி யோசித்து, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் பாதகமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். முதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். படத்தையே பார்க்காத கேட்காரி எந்த முதலாளிக்குக் கிடைப்பாள். ஆகவே ஆரம்பத்தில் நான் படங்களைக் காதால்தான் கேட்டேன். கண்ணுக்குக் கிடைத்தது பார்க்கிற பெண்களின் முகம் மட்டும்தான்.

அந்தக் கொட்டாயின் மேனேஜர் படங்களை எடைபோடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர். பெண்கள் அழுதால் படம் ஓடும் என்பது அவருடைய வேதம். ஒரு படம் வந்த முதல் நாள் மாட்னி முடிந்ததும் என்னிடம் ஓடிவந்தார்.

"எஸ்தரு, அழுதாங்களா?"

"அழுதாங்க சார். எல்லாரும் அழுதாங்க. சின்னப் பிள்ளைங்ககூட."

அவ்வளவுதான். படம் இன்னொரு வாரம் இருக்கட்டும் என்று, படப்பெட்டி கொண்டுவந்த பெட்டிக்காரனிடம் பேசி முடித்துவிட்டார். 'தாய்மார்கள் கண்ணீர் வெள்ளத்தில்' என்று நோட்டீஸ் அடித்து ஜட்காவில் தம்பட்டத்தோடு ஊரெல்லாம் வீசினார். மறுநாளிலிருந்து கொட்டாயில் ஈ ஓட்டினோம். விஷயம் என்னவென்றால், பெண்கள் பக்கத்துத் தட்டிக்குப் பின்னால் மிளகாய் அரைக்கிற மில் இருந்தது. அன்றைக்குக் காற்று இந்தப் பக்கம் அடித்தது. நானும்தான் அழுதேன். முதுகைக் காட்டிக்கொண்டு.

அவர் கேட்டது அழுதார்களா என்று. ஏன் அழுதார்கள் என்று கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லுகிற பழக்கம் அப்போது எனக்கு இல்லை. அழுவதையும் சிரிப்பதையும் மட்டும் பார்த்து ஒரு படத்துக்கு மதிப்புப் போடாதீர்கள், ஏன் என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். இதுதான் நான் சொல்ல வந்தது. இதோடு நிறுத்திக்கொண்டால் உங்களுக்கும் நல்லது. ஆனால் நகரிப் பையன் கதையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்த பிறகு, அங்கே ஒரு பெரிய தியேட்டரில் அதே பெண்கள் கேட்டு வேலை எனக்குக் கிடைத்தது. திரைக்கு முதுகைக் காட்டுகிற சட்டத்தைச் சித்தூரிலேயே விட்டுவிட்டேன். எண்பதுகளின் ஆரம்பம் என்று நினைக்கிறேன். ஊரில் ஒரு காலேஜில் சினிமா கற்றுக்கொடுக்கிறோம் என்று ஒரு படிப்பு தொடங்கினார்கள். கடைசிப் பரீட்சைக்கு மாணவர்கள் ஆளுக்கொரு சின்னப் படம் எடுக்க வேண்டும். அதற்குப் போஸ்டரும் நோட்டீஸும் தாங்களே அடித்து ஒட்டி, ஆட்களை வரவழைத்து, எங்கள் தியேட்டரில் ஒரு காலை வேளையில் போட்டுக் காட்ட வேண்டும். படத்துக்குப் பாதி மார்க்கு, விளம்பரத்துக்குப் பாதி மார்க்கு. எவ்வளவு கூட்டம் வருகிறதோ அதை வைத்து விளம்பரத்தின் மார்க்கு. இந்தச் சட்டத்தை எழுதியவர் ஒரு புரொபசர். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். சினிமாவைப் பற்றி அவர் தடித்தடியாகப் படித்திருந்தார். டிக்கெட் வாங்கிப் படம் பார்த்திருந்தாரா என்பது எனக்குத் தெரியாது.

மார்க்குப் போட அவர், எங்கள் திருப்பதித் தியேட்டர் மேனேஜர், பேப்பருக்கு எழுதுகிற ஒருவர் என்று மூன்று பேர். நாலாவதாகப் பொதுஜனம் ஒருத்தர் வேண்டும் என்றும் சட்டத்தில் எழுதிவைத்துவிட்டார். பொதுஜனத்துக்கு எங்கே போவது என்று இரண்டு பேரும் ஆபீஸ் ரூமில் நின்று யோசித்தார்கள். நான் அந்தப் பக்கம் துடைப்பம் எடுக்கப் போனேன்.

"இந்தம்மா போதுமே" என்றார் மேனேஜர். "கையெழுத்துப் போடுவாங்க. எதிர்த்துப் பேச மாட்டாங்க."

"பாகுந்தி" என்றார் புரொபசர். நல்லது என்று அர்த்தம். இப்படித்தான் நான் பொதுஜனம் ஆனேன்.

பக்கத்தில் நெசவு ஊரான நகரியிலிருந்து ஒரு பையன் அந்தப் படிப்பில் இருந்தான். முனிரத்தினம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பையன், நெசவுக்காரக் குடும்பம். அப்பா இல்லை. அம்மா பச்சையம்மா பவர்லூம் தறியில் நின்று படிக்கவைத்தவள். பையனைத் தறிக் கொட்டகைக்குள் காலெடுத்து வைக்க விடாமல், சின்ன வயதிலேயே ஹாஸ்டலில் போட்டு வளர்த்தாள். அவன் எடுத்த படத்துக்குப் பெயர் 'தறி'. நடித்தது அம்மாதான். வேறு யார் சும்மா நடிப்பார்கள்.

படம் காட்டுவதற்கு இரண்டு நாள் முன்னால் அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் தியேட்டர் சுவரில் போஸ்டர் ஒட்டினான். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். நடுவில் பச்சையம்மாவின் முகம், நேராகப் பார்த்துக்கொண்டு, பாஸ்போர்ட் போட்டோ மாதிரி. சுற்றிலும் இரண்டு விரல் பருமனுக்குக் கறுப்புக் கட்டம். கீழே அவள் பெயர், தேதி, காலை பத்து மணி, எங்கள் தியேட்டர் பெயர், 'அனைவரும் தவறாமல் வரவும்.' தறி என்பது எங்கேயோ மூலையில் கொசு மாதிரி.

"ஏம்பா, இந்தக் கறுப்புக் கட்டம்…" என்று இழுத்தேன்.

"நகரி பிரஸ்ல அடிச்சேன்க்கா. அவங்ககிட்ட இந்த பார்டர்தான் கீது. எடுப்பா இல்ல? பிளாக் அண்ட் ஒயிட்டு. இதான் ஆர்ட்டு."

"அந்த பிரஸ்ல வேற இன்னா அடிப்பாங்க?"

"கல்யாணப் பத்திரிகை, அப்புறம் காரிய நோட்டீஸு" என்றான். சொல்லிவிட்டும் அவனுக்கு உறைக்கவில்லை. படித்த பிள்ளை.

"உங்க ஊர்லயும் ஒட்டிட்டியா?"

"நேத்தே ஒட்டிட்டேன்க்கா. ஸ்டேசன், பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட்டு, எல்லா எடத்துலயும். அம்மாவ இட்டுகினு வரும்போதே வழியெல்லாம் ஒட்டிகினு வந்தேன்."

பச்சையம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தன் முகத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். தறியில் நிற்கிறவர்கள் எல்லாரையும் போல அவளுக்கும் மெதுவாகப் பேச வராது. எனக்கு அரை அடி தூரத்தில் நின்றுகொண்டு, தெருக்கோடியில் இருக்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரி சொன்னாள்:

"நீதான் மார்க்கு போடுறவளாமே. பார்த்துப் போடு தாயி. இவன் பாஸானா மெட்ராஸ்ல ஒரு ஸ்டுடியோல சேத்துக்கறேன்னு சொல்லிக்கீறாங்க. பெயிலானா அவங்க அத்த கன்னியம்மா ஷெட்டுல தறி ஓட்டணும், அவ பொண்ணக் கட்டிகினு. வார்த்தை குடுத்துட்டு வந்துக்கீறான்."

"நான் என்னம்மா, ஒரு மூலையில…"

"இன்னா?" என்றாள் பச்சையம்மா. நான் தலையை ஆட்டினேன். அதுதான் அவளுக்குக் கேட்டது.

படம் காட்டுகிற அன்று காலை. முதலில் இன்னொரு மாணவனின் படம். அவன் பணக்கார வீட்டுப் பிள்ளை. மெட்ராசில் கலர் போஸ்டர் அடித்து ஊரெல்லாம் ஒட்டியிருந்தான். திருப்பதி மாடுகளுக்கு மைதாப் பசை என்றால் பிரசாதம் மாதிரி. விடிவதற்குள் பாதிக்கு மேல் தின்று முடித்திருந்தன. வந்தது அவனுடைய சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும்தான். படத்தில் ஒருவன் ரொம்ப நேரம் படியேறினான். ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தான். புரொபசர் நிறைய எழுதிக்கொண்டார்.

அது முடிந்து விளக்குப் போட்டபோது, வெளியே ஒப்பாரிச் சத்தம் கேட்டது.

நான் கேட்டுக்கு ஓடினேன். நகரி பஸ்ஸிலிருந்து ஒரு தெருவே இறங்கி வந்திருந்தது. பாதிக்கு மேல் பெண்கள், கையில் மாலை, ஊதுவத்திக் கட்டு, ஒருத்தியிடம் கோடிப் புடவை. முன்னால் வாட்டசாட்டமான ஒரு பெண் மாரில் அடித்துக்கொண்டு வந்தாள்.

"எங்க அண்ணி பூட்டாளே. வீட்டப் பூட்டிகினு திருப்பதிக்கு வந்தவ திரும்பாமலே பூட்டாளே. ஒரு சொல்லு சொல்லி அனுப்பாம, செவுத்துல ஒட்டி வெச்சானே பாவி."

அதுதான் கன்னியம்மா, பச்சையம்மாவின் நாத்தனார். பின்னால் வந்த கிழவர் ஒருவர் தியேட்டரை மேலும் கீழும் பார்த்து, "சினிமாக் கொட்டாயில எதுக்கும்மா காரியம் வெச்சான்?" என்று கேட்டார்.

"திருப்பதில எடம் எங்க தாத்தா கெடைக்குது" என்றாள் இன்னொருத்தி. "கல்யாணமே மொட்ட மாடில பண்றாங்க."

மேனேஜர் என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டார். "தியேட்டர் வாசல்ல ஒப்பாரியா? மொதலாளிக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சிடுவாரு. கேட்டைப் பூட்டும்மா. போலீசைக் கூப்பிடறேன்."

பிள்ளைகளே, இந்த மாதிரி நேரத்தில் பூட்டுவது ரொம்ப சுலபம். சாவி கையில்தான் இருக்கும். ஆனால் பூட்டிய கேட்டுக்கு வெளியே அழுகிற கூட்டம், அழுகையை விட்டுக் கல்லை எடுக்க நேரம் ஆகாது. நான் பூட்டவில்லை. தைரியத்தினால் அல்ல, அத்தனை பேர் முன்னால் கை நகரவில்லை. "உள்ள இருக்காங்கம்மா, வாங்க" என்றேன். அதற்குள் சத்தம் கேட்டு பச்சையம்மாவே வெளியே வந்துவிட்டாள்.

"யாருடி பூட்டது? ஏண்டி கன்னி, யாரு?"

கன்னியம்மா அடித்த கையை மாரிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஊரே நின்றது. பிறகு கன்னியம்மாதான் சொன்னாள்.

"நீதான் பூட்டேன்னு சொன்னாங்க."

"எவ சொன்னா?"

"உம்புள்ளதான். செவுத்துல."

"உயிரோட கீறவளுக்கு மாலையா எடுத்தாந்த? எத்தினி நாளா ரெடி பண்ணி வெச்சிருந்த?"

"எனக்கு இன்னிக்கு ஷெட்டு லீவு. அத்தொட்டு வந்தேன்" என்றாள் கன்னியம்மா. ஆனால் அவள் கண் இன்னும் நனைந்துதான் இருந்தது. அதை நான் பார்த்தேன்.

மாலைகளை கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே வாருங்கள், படம் இலவசம் என்று சொன்னேன். இலவசம் என்ற வார்த்தைக்கு எப்போதும் ஒரு மகிமை உண்டு. தியேட்டரின் பெண்கள் பக்கம் நிறைந்தது. புரொபசர் திரும்பிப் பார்த்து ஆச்சரியப்பட்டார். பேப்பர்காரர், "செத்தவளைப் பார்க்க வந்தவங்களை விளம்பரக் கணக்குல சேர்க்கலாமா சார்?" என்று கேட்டார். புரொபசர் தன் சட்டத்தை எடுத்துப் பார்த்தார். எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் எழுதியிருந்தார். எதற்கு வந்தார்கள் என்று எழுத மறந்திருந்தார்.

படம் ஓடியது. பச்சையம்மா தறியில் நிற்கிறாள். பக்கத்துத் தறிக்காரியோடு பேசுகிறாள். நூலைப் பார்க்கிறாள். மறுபடி பேசுகிறாள். அவ்வளவுதான் படம். டேப் ரெக்கார்டரில் சத்தம் பிடித்திருந்தான் பையன். பேச்சு ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. தறிச் சத்தம்தான், மண்டையைப் பிளக்கிற மாதிரி. புரொபசர் காதைப் பொத்திக்கொண்டார். மேனேஜர் கடியாரத்தைப் பார்த்தார்.

ஆனால் பெண்கள் பக்கத்தில் சிரிப்பு. முதலில் இங்கே அங்கே கிளுகிளுவென்று. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. பிறகு அதுவும் இல்லாமல். இடையில் உட்கார்ந்திருந்த கன்னியம்மாவை ஆளாளுக்கு விலாவில் இடித்தார்கள். அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு இடத்தில் எல்லாருமே சட்டென்று அடங்கினார்கள். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் ஓரத்தில் இருந்தவளைக் கேட்டேன். "ஏம்மா சிரிக்கிறீங்க?"

"தறில நிக்கிறவளுக்குக் காது எதுக்கு தாயி" என்றாள். "அந்தச் சத்தத்துல எவ பேச்சு எவளுக்குக் கேக்கும்? ஒதட்டப் பாத்துப் பாத்தே பேசிக்குவோம். பச்சையம்மா பேசறா பாரு, கன்னியம்மாவக் கிழிச்சுத் தோரணம் கட்டறா."

பையன் என்ன செய்திருக்கிறான் என்றால், காமெராவை வைத்து, "அம்மா, சும்மா எதுனா பேசிகினு இரு" என்று சொல்லியிருக்கிறான். அவளும் பேசியிருக்கிறாள். சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று தைரியமாகப் பேசியிருக்கிறாள். பையனுக்கு உதடு பார்க்கத் தெரியாது. தறிப்பக்கம் விடாமல் வளர்த்த பிள்ளையாயிற்றே.

விளக்குப் போட்டதும் நாங்கள் நாலு பேரும் முன்வரிசையில் கூடினோம். முனிரத்தினம் சுவரோரம் நின்று விரலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

புரொபசர் சொன்னார்: "ஒரு ஏழைத் தாயின் துயரம்தானே கரு? ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. இதைவிடத் தோல்வி என்ன இருக்கு? வசனமும் கேட்கலை. பெயில்."

"பெயில்தான்" என்றார் மேனேஜர். அவர் இன்னும் ஒப்பாரியிலிருந்து மீளவில்லை.

"போஸ்டர் ஒண்ணுக்கே பெயில் போடலாம்" என்றார் பேப்பர்காரர்.

மூன்று பேரும் கையெழுத்துக்காக என் பக்கம் தாளைத் தள்ளினார்கள். சரி என்று சொல்லியிருந்தால் எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்போம். பையன் தறிக்குப் போயிருப்பான்.

"சார்," என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு. "அவங்க படத்தைப் பார்த்துச் சிரிக்கலை. படத்துல பேசறதுக்குச் சிரிக்கிறாங்க."

"பேச்சே கேட்கலையே அம்மா."

"அவங்களுக்குக் கேட்குது."

விஷயத்தைச் சொன்னேன். புரொபசர் நம்பவில்லை. நம்பாதவரோடு வாதாடி ஜெயிக்கிற ஆள் நான் இல்லை. "சத்தத்தை நிறுத்திட்டு இன்னொரு தரம் ஓட்டுங்க சார். அவங்கள்ல ஒருத்தர் வாயால சொல்லட்டும்" என்றேன்.

இதைக் கேட்டதும் பச்சையம்மா எழுந்துவிட்டாள். "வேணாம், வேணாம் சாமி. போதும். பெயிலுன்னா பெயிலுன்னே போட்டுக்குங்க." திட்டியது வெளியே வந்துவிடும் என்று வெட்கப்படுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். சொல்வதற்கு ஆள் தேடினோம். ஒருத்தியும் வரவில்லை. அத்தையைத் திட்டியதை அத்தையின் முன்னால் யார் சொல்லுவாள். அப்போது அந்த அத்தையே எழுந்தாள்.

"நான் சொல்றேன்" என்றாள் கன்னியம்மா. "என் தொண்டைதான் நல்லா கேக்கும்."

பையன் பெயிலானால் அவளுக்குத்தான் மாப்பிள்ளை. அவள் தறிக்குத்தான் ஆள். மேலே படத்தில் வாங்கிய வசவு வேறே. இவளிடமா கொடுத்தோம் என்று நினைத்தேன். ஆனால் கேட்டது நான்தானே.

டேப்பை நிறுத்திவிட்டுப் படத்தை மறுபடி ஓட்டினார்கள். சத்தமில்லாமல் பச்சையம்மாவின் உதடு அசைந்தது. கன்னியம்மா தியேட்டர் நடுவில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"என் நாத்தனா ஒருத்தி கீறா. தங்கம்னா தங்கம். அவ வாயத் தொறந்தா முத்து உதிரும்."

நகரி வரிசைகள் வெடித்தன. உதட்டில் இருந்தது வேறே என்று அத்தனை பேருக்கும் தெரியும். முதலில் நான் விசாரித்தவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, "வாயத் தொறந்தா பத்து தறி அமுங்கிடும்னு சொல்றா" என்று எனக்குப் பெயர்த்துச் சொன்னாள்.

"அவ பொண்ணு கீறாளே," என்றாள் கன்னியம்மா, இன்னும் உரக்க, "அதப்போல அடக்கமான பொண்ணு ஜில்லாலயே கெடையாது. எம்புள்ள குடுத்து வெச்சிருக்கணும்."

"எம்புள்ளைக்கு எலிப்பொறி வெச்சுகினு குந்திகினு கீறான்னு சொல்றா" என்றாள் பக்கத்திலிருந்தவள், மூச்சுத் திணறி.

பச்சையம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். மேனேஜரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல். புரொபசர், 'ஹாஸ்யம், மிக நுட்பம்' என்று எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன்.

பிறகு அந்தக் கடைசி இடம் வந்தது. திரையில் பச்சையம்மா பக்கத்துத் தறிக்காரியைப் பார்க்காமல், கீழே நூலைப் பார்த்துக்கொண்டே உதட்டை அசைத்தாள். சின்ன அசைவு. கன்னியம்மா பேசவில்லை. சிரிப்பும் இல்லை. முகத்தை மூடியிருந்த பச்சையம்மா கையை எடுத்துக் கன்னியம்மாவையே பார்த்தாள். அவள் முதலிலிருந்து வேண்டாம் என்றது இதற்குத்தான் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

பக்கத்திலிருந்தவள் என் காதருகில், மெதுவாகப் பேசத் தெரியாதவள், எப்படியோ மெதுவாகச் சொன்னாள்: "இவன் பாஸாவக் கூடாது சாமின்னு சொல்றா. பாஸானா பூடுவான், நான் யாரப் பாத்துகினு இருப்பேன்னு சொல்றா."

"ஏமம்மா, இங்கே என்ன சொல்றாங்க?" என்றார் புரொபசர்.

கன்னியம்மா தொண்டையைச் செருமினாள். "ஒண்ணுமில்ல சார். நூலு அறுந்துபோச்சுன்னு சொல்றா."

அவர் என் பக்கம் திரும்பினார். "அவ்வளவுதானா? அப்போ ஏன் ஒருத்தரும் சிரிக்கலை? நீங்க சொல்லுங்கம்மா, நீங்கதானே விசாரிச்சீங்க."

பையன் சுவரோரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். பச்சையம்மா பார்த்தாள். கன்னியம்மா பார்த்தாள். இத்தனை பேர் என்னை ஒரே நேரத்தில் பார்த்தது என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

"நூலு அறுந்தா யாரும் சிரிக்க மாட்டாங்க சார்" என்றேன். "முடிச்சுப் போடணும்."

புரொபசர் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு 'குறியீடு' என்று எழுதி அடிக்கோடு இட்டார். அந்தப் படத்திலேயே அவருக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான் என்று பிறகு எல்லாரிடமும் சொன்னாராம்.

பையன் பாஸ். படத்துக்கு நல்ல மார்க்கு. போஸ்டருக்கு அதைவிட நல்ல மார்க்கு, ஏனென்றால் சட்டப்படி கூட்டம் அவனுக்குத்தான். கலர் போஸ்டர்காரன் முறையிட்டான். மாடுகள் பார்வையாளர்களில் சேராது என்று புரொபசர் சொல்லிவிட்டார்.

முனிரத்தினம் அம்மாவிடம் ஓடிவந்தான். "யம்மா, கடசில நெசமா இன்னா சொன்ன?"

"அதான் உங்க அத்த சொன்னாளே" என்றாள் பச்சையம்மா. "நூலுதான்டா."

அந்த இரண்டு பெண்களும் ஒரே விஷயத்தை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை என்று நகரிக்காரர்கள் சொன்னார்கள்.

கூட்டம் வெளியே போகும்போது நான் கேட்டில் நின்றேன். கன்னியம்மா தன் மாலையைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் மெதுவாக, "பெயிலாகட்டும்னு விட்டிருந்தா உங்களுக்குத்தானே நல்லது" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பாஸான மாப்பிள்ளைக்குத் தனி மருவாதி தாயி" என்றாள். இரண்டு அடி போய்த் திரும்பி வந்தாள். "பெத்தவ சாபம் குடுத்தான்னு புள்ள காதுல விழலாமா? எங்கண்ணன் புள்ள." பிறகு பஸ்ஸைப் பார்த்துப் போய்விட்டாள். அவளும் பச்சையம்மாவும் பஸ்ஸில் ஏறும்போதே சண்டை போட்டுக்கொண்டு ஏறினார்கள். கேட்டிலிருந்தே எனக்குக் கேட்டது.

பையன் மெட்ராசுக்குப் போனான். நன்றாக இருக்கிறான் என்று கேள்வி. அத்தை பெண்ணைக் கட்டினானா என்று கேட்காதீர்கள். அது மார்க்கில் சேராது.

பிள்ளைகளே, உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்கிறவர்கள் எந்த உண்மையைக் கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். புரொபசர் கேட்டது படத்துக்கு மார்க்கு. பச்சையம்மா தறிச் சத்தத்துக்கு நடுவில் சாமியிடம் சொன்னது பரீட்சையில் சேர்த்தி இல்லை. நான் பொய் சொன்னேன் என்று உங்களில் சபைக்காரர் யாராவது நினைத்தால், நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

ஆனால் ஒரு உதவி வேண்டும். கடைசி வார்த்தையை நான் ஒருத்தி வாயால் கேட்டதுதான். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவள் சரியாகப் பார்த்தாளா, நான் சரியாகக் கேட்டேனா, இத்தனை வருடத்தில் நானாகக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேனா, சொல்ல முடியவில்லை. அந்தப் படச்சுருள் காலேஜில் ஏதாவது அலமாரியில் கிடக்கலாம். உங்களில் யாராவது தேடிப் பார்த்து, நகரியில் தறியில் நின்ற ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுக் காட்டி, பச்சையம்மா என்னதான் சொன்னாள் என்று சரிபார்த்து எனக்குச் சொல்லுங்கள். வருடம், தேதி தப்பாக இருந்தால் அதையும் திருத்திவிடுங்கள். முனிரத்தினத்தை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.